மாஸ்ரர் வாசித்த இங்கிலீஷ் நோட்டு

"நிலத்திலை இருந்து வாசிக்கலாமோ எண்டு அவரைக் கேளுங்கோ, தம்பி."

சபாநாதன் மாஸ்ரர் இதைச் சொன்னபோது வயலின் பெட்டி அவர் மடியில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டவர் விவகாரங்களைப் பார்க்கிற பொலிஸ் அதிகாரி கெல்லர். அவருக்கு அருகில் தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு பெண். மேசையின் ஓரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத பக்கத்தில், மொழிபெயர்ப்பாளனாக நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜன்னல் கண்ணாடியில் நனைந்த பனி வழிந்துகொண்டிருந்தது. ரேடியேற்றர் மேல் யாரோ காயப்போட்ட கையுறையிலிருந்து ஈரக் கம்பளி மணத்தது. சுவிஸில் இது எந்தக் கன்டோன், அதாவது எந்த மாநிலம், என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்கள் மறுப்புக் கடிதம் அனுப்புவார்கள், நான் அதற்குப் பதில் எழுதுவேன். இரண்டு தரப்பும் நன்றாக எழுதக்கூடியவர்கள், அதனால் அது முடிவுக்கு வராது.

கெல்லர் சாம்பல் நிற லினோலியத்தைப் பார்த்தார். அகதிக் கோரிக்கை விசாரணையில் விண்ணப்பதாரி கதிரையில்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தேடிப் படித்தவன் சொல்கிறேன். கெல்லருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை நிலத்தை நோக்கிக் காட்டினார்.

மாஸ்ரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் சம்மணமிட்டார். வயலினின் தலையை வலது குதிக்காலில் ஊன்றி, காதைச் சாய்த்துச் சுருதி சேர்த்தார். தட்டச்சுக்காரப் பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

இந்த வாசிப்புக்குக் காரணம் நான்தான் என்றும் சொல்லலாம். 'தொழில்' என்ற கேள்விக்கு மாஸ்ரர், "கதாப்பிரசங்கத்துக்குப் பக்கவாத்தியம்" என்று பதில் சொன்னார். அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோக நான் பட்ட பாட்டைப் பார்த்து கெல்லர் பொறுமையிழந்தார். ஒருவர் கோயில் பந்தலில் நின்று புராணக் கதை சொல்வார், இடையில் பாடுவார், இவர் பக்கத்தில் இருந்து வயலின் வாசிப்பார் என்று நான் விளக்கி முடிக்க, "அப்படியானால் வாசிக்கட்டும்" என்றார்.

மாஸ்ரர் வாசித்தார். துள்ளுகிற மெட்டு. வளைவு இல்லை, இழுவை இல்லை. படிக்கட்டில் ஓடி இறங்குகிற குழந்தைபோல ஒவ்வொரு சுரத்திலும் கால் வைத்துப் போனது. மேசைக்குக் கீழே கெல்லரின் வலது கால் தாளம் போடுவதைக் கண்டேன். பிறகு அது நின்றது. அவர் கையை உயர்த்தினார்.

"போதும். இந்த மெட்டு எனக்குத் தெரியும். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நான் இதற்கு ஆடுகிறேன். இது ஆங்கிலக் கிராமிய நடனத்துக்கு வாசிக்கிற மெட்டு." தட்டச்சுக்காரப் பெண் பக்கம் திரும்பி, எழுதலாம் என்று தலையசைத்தார். "விண்ணப்பதாரி இங்கிலாந்தில் எவ்வளவு காலம் வசித்தார்?"

நான் தமிழில் சொன்னேன்.

"இங்கிலாந்திலையோ? ஆர்?" மாஸ்ரர் வில்லைக் கீழே வைத்தார். "நான் கொழும்பைத் தாண்டினதே இப்பதான். அது எங்கடை நோட்டு, தம்பி. முருகன் பாட்டு. சொல்லுங்கோ அவருக்கு."

சொன்னேன். தட்டச்சில் ஏறியது: 'அது இந்துக் கடவுளின் பாட்டு என்று விண்ணப்பதாரி கூறுகிறார்.' எழுத்தில் பார்க்க அது சுத்தப் பொய்யாகவே தெரிந்தது.

ஒரு மெட்டு என்ன செய்யும்

அந்தக் காலத்துச் சட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பந்தி. வரும் வழியில் வேறொரு பாதுகாப்பான நாட்டில் தங்கியவருக்கு இங்கே இடமில்லை என்று சொல்ல அதிகாரிகளுக்கு வழியிருந்தது. மாஸ்ரரின் தம்பி லண்டனில் இருந்தார். அதை அவரே முதல் கேள்வியில் சந்தோசமாகச் சொல்லியிருந்தார். தம்பி லண்டனில், வாயில் 'தாங்க் யூ சேர்', கையில் ஆங்கில நடன மெட்டு. கோப்பு தானாக மூடிக்கொள்ளும்.

இங்கிலாந்து அவரை எடுக்கப்போவதில்லை, அவர் அங்கே போனதே இல்லையே. மிஞ்சுவது கொழும்பு விமானம். மாஸ்ரரின் வீட்டை எரித்தவர்கள் அவர் திரும்பி வந்தால் என்ன செய்வார்கள் என்பது விசாரணையின் பத்தாம் பக்கத்தில் இருந்தது. மெட்டுக் கதை இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளனின் வாய்

கொடுமை என்னவென்றால், என்ன நடந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் விளங்கியது.

சுவிஸுக்கு வரமுன் நான் கச்சேரியில் வேலை பார்த்தவன். பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்க அதிபரின் கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகம். என் மேசைக்கு வந்த விவகாரங்களில் ஒன்று கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி அனுமதி கொடுப்பது. அனுமதி கொடுத்தவனுக்கு அழைப்பும் வரும், முன்வரிசைக் கதிரையும் வரும். அப்படி ஒரு திருவிழாவில், வள்ளி தினைப்புனத்தில் முருகனை விரட்டிக்கொண்டிருக்கிற நல்ல கட்டத்தில், அதிபரின் கார் வந்து நின்றது. கதை சொன்னவர் வாயை மூடினார். வயலின்காரர் அந்த நொடியே ராகத்தை விட்டுவிட்டு, சம்பந்தமேயில்லாத ஒரு துள்ளல் மெட்டுக்குப் பாய்ந்தார். அதிபர் மாலை வாங்கி உட்காரும்வரை அது ஓடியது. பிறகு வள்ளி விட்ட இடத்திலிருந்து விரட்டினாள்.

பக்கத்தில் இருந்த தர்மகர்த்தாவைக் கேட்டேன். "துரை வந்தால் நோட்டு வாசிக்கிறது வழக்கம்" என்றார். இங்கிலீஷ் மெட்டுச் சாயலில் துள்ளுகிற உருப்படிகளுக்கு வித்துவான்கள் வைத்த பெயர் நோட்டு. துரைமார் கப்பலேறிப் போய்ப் பல வருடம். வழக்கம் போகவில்லை. கோட்டும் கழுத்தில் ரையும் போட்ட எவருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. எங்கள் பக்கத்துக் குழுக்கள் சிலவற்றில் அது நடைமுறை. நடைமுறை என்றால் எனக்கு மறக்காது.

மாஸ்ரர் கெல்லரைப் பார்த்தார். வெள்ளைக்காரர், ரை கட்டியவர், பெரிய மேசை. தோடியும் கல்யாணியும் தெரிந்த மனிதர், மரியாதைக்காக நோட்டை எடுத்தார்.

இதை நான் ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளன் தன் சொந்தக் கருத்தைச் சேர்க்கக்கூடாது. நான் அதற்கு ஒப்பமிட்டவன். வாயைத் திறந்தால் அந்த விசாரணையே செல்லாது என்று யாராவது வாதாடலாம், அதன் நட்டமும் மாஸ்ரருக்குத்தான். ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள், இந்த வழக்கில் தொடர்ந்து நடுநிலையாக இருக்க என்னால் முடியாது, என்னை விலக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். விலக்கினார்கள். அதன்பின் பல மாதங்கள் அந்தப் பொலிஸ் கந்தோர் என்னை வேறு எதற்கும் கூப்பிடவில்லை.

"உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று மனைவி கேட்டா. இனிமேல் இல்லை என்றேன்.

முருகனா, பாண்ட் மாஸ்ரரா

மாஸ்ரர் தங்கியிருந்தது மூடப்பட்ட ஒரு விடுதியின் மாடியில். கீழே பியர் மணம் போகாத வெறும் கூடம். நான் போனபோது உருளைக்கிழங்கு பிரட்டலும் பாணும் தந்தார்.

"மாஸ்ரர், அந்த நோட்டு எங்கையிருந்து வந்தது?"

"குருவிட்டை இருந்து."

"குருவுக்கு?"

"அவரின்ரை பாட்டனாருக்கு முருகன் கனவிலை வந்து குடுத்தது. தஞ்சாவூர்ப் பக்கம். மயில் ஆடுறதைப் பற்றிப் பாட்டு. அதுதான் அந்தத் துள்ளல்." பாணைப் பிய்த்தார். "குருவின்ரை மனிசி வேறை கதை சொல்லுறவ. பாட்டனார் கோட்டை வாசலிலை நிண்டு வெள்ளைக்காரன்ரை பாண்டைக் கேட்டுட்டு வந்து, அதுக்குச் சொல்லுப் போட்டவராம். குருவுக்குக் கேட்கக் கூடாதெண்டு அடுப்படியிலைதான் சொல்லுவா."

"நீங்கள் எதை நம்பினியள்?"

"சாப்பாடு போட்டது மனிசி. பாட்டுச் சொல்லித் தந்தது குரு. நான் என்னெண்டு தீர்ப்புச் சொல்லுறது?" பிளேட்டைத் தள்ளி வைத்தார். "தம்பி, அப்ப நான் இவ்வளவு காலமும் சாமிக்கு முன்னாலை வெள்ளைக்காரன்ரை கூத்துப் பாட்டையோ வாசிச்சனான்?"

நாடு கடத்தப்படும் கவலையைவிட அந்தக் கேள்விதான் அவரைக் கூடுதலாகக் கடித்தது என்று நினைக்கிறேன். என்னைக் கடித்தது வேறொன்று. கோட்டை பாண்ட் கதை உண்மையானால் அதற்கு ஒரு வழி இருக்கவேண்டும். இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்கு, பட்டாளத்திலிருந்து கோட்டைக்கு, கோட்டை வாசலில் நின்ற ஒரு வித்துவானின் காதுக்கு, பிறகு தோணியில் கடல் தாண்டி எங்கள் திருவிழாப் பந்தலுக்கு. ஒரு பார்சல் இத்தனை கை மாறினால் எங்காவது முத்திரை குத்தப்பட்டிருக்கும். மெட்டில் முத்திரை குத்த இடமில்லை.

கெல்லர் ஆடும் குழுவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆங்கில நடனம் ஆட ஒரே ஓர் இடம்தான். ரயிலில் போகிற தூரத்தில் ஒரு தேவாலயக் கூடம். நடத்துபவர் டோரத்தி என்ற ஆங்கிலப் பெண்மணி. சுவிஸ் பொறியியலாளர் ஒருவரைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். பூனைகள் நிறைந்த சமையலறையில், பாலை முதலில் ஊற்றிய தேநீர் தந்தார்.

நான் மெட்டை மூக்கால் முனகிக் காட்டினேன். எனக்குச் சங்கீதம் வராது. இரண்டாவது முயற்சியில் அவர் பிடித்துக்கொண்டு அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். மா அரைக்கிற ஆலைக்காரன் ஒருவனின் மகளைப் பற்றிய பெயர்.

"இது சுத்தமான ஆங்கில மெட்டுத்தானே?" என்றேன்.

டோரத்தி சிரித்தார். "எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். ஸ்கொட்லாந்துக்காரர் தங்களுடையது என்பார்கள், மாடு ஓட்டிவந்தவர்களிடம் நாங்கள் திருடினோமாம். அயர்லாந்துக்காரர் இரண்டு பேரும் திருடர்கள் என்பார்கள். என் மாமா ஒருவர், இது லண்டன் நாடகக் கொட்டகையில் யாரோ இத்தாலியன் போட்டது என்று சாகும்வரை சாதித்தார். அச்சில் வந்தது பிறகு. அச்சடித்தவர் எங்கே கேட்டார் என்று அவர் சொல்லவில்லை."

பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளை, உரிமை கோருபவர் மட்டும் நாலு பேர். கச்சேரியில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இந்த மெட்டு இந்தியாவுக்கும் போயிருக்கலாம் என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் மறுத்தார். "நான் கேட்காத வாசிப்பைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன். கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தச் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க முன்னர்."

அந்தச் சனிக்கிழமை கெல்லரின் முறை இல்லை என்று கணக்குப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஆள் குறைந்தால் ஆட்டமில்லை

கணக்கு பிழைத்தது. ஏதோ பண்டிகைக்காக முறையை மாற்றியிருந்தார்கள். நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது, கெல்லர் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து மெல்லிய ஆட்டச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். வயலின் பெட்டியைக் கண்டார். முகம் சிவந்தது.

"உங்களோடு நான் இங்கே பேசக்கூடாது" என்றார்.

"தெரியும். நாங்களும் பேச வரவில்லை" என்றேன். வாசலில் 'அனைவரும் வருக' என்று எழுதியிருந்ததை மட்டும் கையால் காட்டினேன்.

"ஆர் தம்பி அது? விசாரணை ஐயாவெல்லோ?" மாஸ்ரரின் குரல் இறங்கியது. "போவம். வாங்கோ, போவம்."

போயிருக்க வேண்டும். அவர் அந்த மெட்டை இங்கே நன்றாக வாசித்தால், கெல்லரின் சந்தேகத்துக்கு அவரே சாட்சி. ஆனால் எதுவும் அறியாத டோரத்தி அதற்குள் கையைத் தட்டிவிட்டார். அவர்களின் வயலின்காரி பிள்ளைப்பேற்றுக்குப் போனதிலிருந்து கசெற் பாட்டுக்கு ஆடி அலுத்துப் போயிருந்தார்கள்.

"எல்லோரும் எழும்புங்கள்! இன்றைக்கு உயிருள்ள வயலின்!"

கெல்லர் கதவைப் பார்த்தார். ஆண்களும் பெண்களும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிற ஆட்டம் அது. ஆண்கள் வரிசையில் சரியான எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட மிச்சமில்லை. அவர் போனால் ஆட்டமில்லை. கடமைக்கும் மரியாதைக்கும் நடுவில் ஒரு சுவிஸ்காரர் தவிப்பதை அன்றுதான் அருகில் பார்த்தேன். கடைசியில் வரிசையில் போய் நின்றார்.

மாஸ்ரர் மேடை விளிம்பில் சம்மணமிட்டார். சுருதி சேர்த்தார். வில்லை எடுத்தார்.

பல்லவிக்குத் திரும்பாமல் எப்படி

முதல் பகுதி. இரண்டு தரம். வரிசைகள் முன்னே வந்து வணங்கிப் பின்னே போயின. பலகைத் தளம் அதிர்ந்தது. எல்லாம் கச்சிதம். கெல்லர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன்தானே என்று இருந்தது.

இரண்டாம் பகுதி. ஆட்டக்காரர் சோடி மாறிச் சுழன்றார்கள். அதே பகுதியை வயலின் மறுபடி வாசிக்கும், சுழன்றவர்கள் திருப்பிச் சுழன்று தங்கள் இடத்துக்கு வருவார்கள். அதுதான் அவர்கள் அறிந்த ஒழுங்கு.

மாஸ்ரர் திருப்பி வாசிக்கவில்லை. முதல் பகுதிக்குப் போனார்.

பாதிப்பேர் சுழன்றார்கள், பாதிப்பேர் வணங்கினார்கள். வணங்கிய ஒரு தடித்த மனிதரின் தலை கெல்லரின் விலாவில் இடித்தது.

"மறுபடி!" என்றார் டோரத்தி.

மறுபடியும் அதே இடத்தில் அதே மோதல். மூன்றாம் முறை எல்லோரும் எப்படியோ தப்பி முடிவுக்கு வந்தார்கள். முடிவென்று நினைத்து ஆழமாக வணங்கினார்கள். மாஸ்ரர் கடைசி அடியை இன்னொரு தரம் வாசித்தார். அவசரமாக இன்னொரு வணக்கம். மூன்றாம் தரமும் வாசித்து, தலையை ஆட்டி, முத்தாய்ப்பு வைத்து முடித்தார். அதற்குள் வரிசை சிரிப்பில் குலைந்துவிட்டது.

டோரத்தி மேடைக்கு வந்தார். "இரண்டாம் பகுதியையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். பிறகுதான் முதலுக்குத் திரும்பலாம்."

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை யாருக்கும் ஒப்பமிடாமல்.

"அதென்னெண்டு?" மாஸ்ரர் உண்மையாகவே திகைத்தார். "சரணம் முடிஞ்சா பல்லவிக்கெல்லோ போகவேணும்? பல்லவிக்குத் திரும்பாமல் எப்பிடி? சாமின்ரை பேர் அதிலைதானே கிடக்கு!"

டோரத்திக்காக முயன்று பார்த்தார். இரண்டாம் பகுதியை முடித்தார், மீண்டும் அதையே தொடங்கினார், இரண்டு சுரத்துக்குள் விரல் தானாகப் பல்லவிக்கு ஓடிவிட்டது. வில்லைத் தூக்கினார். இன்னொரு முறை. மறுபடியும் ஓடியது. நெற்றி வியர்த்திருந்தது. வெட்கத்தோடு டோரத்தியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"குருவின்ரை மனிசி சொன்னதுதான் சரிபோலை, தம்பி" என்று மெதுவாக என்னிடம் சொன்னார். "பாட்டனார் வாசலிலை நிண்டுதான் கேட்டிருக்கிறார். உள்ளை போய் ஆட்டத்தைப் பாக்கேல்லை."

டோரத்தி இடுப்பில் கைவைத்து ஆட்டக்காரர் பக்கம் திரும்பினார். "இப்படி ஓர் அழகான வாசிப்பை நான் கேட்டதில்லை. ஆனால் இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு நாளும் ஆட்டக்காரருக்கு வாசித்ததில்லை. இங்கிலாந்தில் ஒரேயொரு சனிக்கிழமை வாசித்திருந்தாலும் சப்பாத்தாலேயே எறிந்து திருத்தியிருப்பார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். கெல்லர் சிரிக்கவில்லை. விலாவைத் தடவிக்கொண்டு வாங்குக்குப் போனார், சப்பாத்தை மாற்றினார், யாரிடமும் விடைபெறாமல் வெளியேறினார்.

பதிவில் ஏறியது

கூடத்தில் கண்டது சாட்சியமாகாது. எனக்குத் தெரிந்தது கெல்லருக்கும் தெரியும். சில வாரங்களில் மேலதிக விசாரணைக்கு அழைப்பு வந்தது. மாஸ்ரரோடு துணைக்கு ஒருவர் வரலாம், வாய் திறக்கக்கூடாது. அந்தப் பதவி எனக்குப் பழக்கம். மொழிபெயர்ப்புக்கு சென்னையிலிருந்து வந்து சூரிச்சில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கெல்லர் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த மெட்டை யார் கற்பித்தது? எங்கே வாசிப்பீர்கள்? யார் வந்தால் வாசிப்பீர்கள்? முதல் பகுதி எத்தனை தரம், இரண்டாவது எத்தனை தரம்? ஏன்? மாஸ்ரர் பல்லவிக்குத் திரும்ப வேண்டிய நியாயத்தைச் சொல்லச் சொல்ல, தட்டச்சு இயந்திரம் சளைக்காமல் அடித்தது. அகதிக் கோரிக்கைக் கோப்பில் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடம் கிடைத்தது சுவிஸில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் இந்த மெட்டு எந்த நாட்டுக்கு உரியது?" என்று கடைசியாகக் கேட்டார்.

"சார் இந்தப் பாட்டு எந்த நாட்டுதுன்னு கேக்கறார்" என்றாள் அந்தப் பெண்.

மாஸ்ரர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. குருவின்ரை வீட்டிலை இருந்தது. நானும் அங்கைதான் இருந்தனான். ஆர் எங்கையிருந்து வந்ததெண்டு அந்த வீட்டிலை ஆரும் கேட்டதில்லை."

அவள் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னாள். நல்ல மொழிபெயர்ப்பு, நான் குறை கண்டுபிடிக்கவில்லை. கெல்லர் தட்டச்சுக்காரப் பெண்ணிடம், "முழுவதையும் எழுதுங்கள்" என்றார்.

அதன்பின் காத்திருப்பு. இங்கிலாந்து பற்றிய குறிப்பு நிற்குமா, நீங்குமா என்பதைக் கெல்லர் எழுதி கோப்பைத் தலைநகர் பேர்னுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்க வழியில்லை. கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அனுமதியில்லை.

டோரத்தி மாஸ்ரரை விடவில்லை. சனிக்கிழமைகளில் கூப்பிட்டார். மாஸ்ரருக்கும் சும்மா இருப்பதைவிட அது நல்லதாக இருந்தது. அவரால் மெட்டைத் திருத்த முடியவில்லை, ஆகவே அவர்கள் ஆட்டத்தைத் திருத்தினார்கள். சுழற்சியை ஒன்றாகக் குறைத்து, பல்லவிக்கு ஒரு வணக்கம் கூட்டினார்கள். ஆனால் கெல்லர் வரவில்லை. கோப்பு தன் மேசையில் இருக்கும்வரை விண்ணப்பதாரியின் வயலினுக்கு ஆடுவது முறையல்ல என்று அவர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விளைவு, ஆண்கள் வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்தில் நான் நின்றேன். சட்டம் தெரிந்த கால்களுக்குத் தாளம் தெரியவேண்டும் என்றில்லை. குளிர் முடிந்து, கூடத்துக்கு வெளியே லைலக் பூக்கும்வரை, எதிரே நின்ற பெண்களின் காலை மிதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலில் வரும்போது மாஸ்ரர் கேட்பார்: "ஒண்டும் வரேல்லையோ, தம்பி?"

ஒரு சனிக்கிழமை, வரிசை கூடி நின்றபோது கதவு திறந்தது. கெல்லர் வந்தார். யாரையும் பார்க்காமல் வாங்கில் இருந்து ஆட்டச் சப்பாத்தைப் போட்டார். நேரே என்னிடம் வந்தார்.

"என்னுடைய இடம்" என்றார்.

விலகிக் கொடுத்தேன். பொய் சொன்னவன் என்று தானே எழுதி அனுப்பிய ஒருவனின் வயலினுக்கு ஆட அந்த மனிதர் வரமாட்டார். அவ்வளவுக்கு எனக்கு நடைமுறை தெரியும். பேர்னிலிருந்து முடிவு வர இன்னும் வருடங்கள் எடுத்தன, அது வேறு கதை. இங்கிலாந்துச் சந்தேகம் அன்றைக்கு முடிந்தது.

மேடையோரம் போனேன். மாஸ்ரர் வில்லைப் பிடித்தபடி கெல்லரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம், தம்பி? என்ன சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை, மாஸ்ரர். ஆடப் போறாராம். வாசியுங்கோ."